ஆர் சொல்லுறது

இம்மாகுலேற்றின் குரல் பூவரசந்துறைக்கு மேலே ஹெலிகொப்டரில் பறந்த அன்று, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில் காலையிலிருந்தே அவளுக்கு நல்ல பெயர்.

மகாலிங்கத்தின் பலசரக்குக் கடைக்குள் அவள் கால் வைத்ததும், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மகாலிங்கம் தன் போனை உயர்த்திப் பிடித்தார். அதில் ஒரு வீடியோ. கறுத்த வானம், ஒரு பக்கமாகச் சாய்ந்த தென்னைகள், வீதிக்கு நடுவே குறுக்காக ஏறிக் கிடக்கும் ஒரு மீன்பிடிப் படகு. மரங்களுக்கு மேலே ஹெலி ஒன்று மெதுவாக வட்டமிட, அதிலிருந்து ஒரு பெண்குரல் இறங்கிக்கொண்டிருந்தது.

“பூவரசந்துறை மக்களின் கவனத்திற்கு. பெருங்குளத்தின் அணைக்கட்டு எந்நேரமும் உடையலாம். அனைவரும் உடனடியாக மேட்டுப் பாடசாலையில் அமைக்கப்பட்டுள்ள பாதுகாப்பு வலயத்துக்குச் செல்லவும்.”

“எங்கடை இம்மாவேதான்,” என்றார் மகாலிங்கம். “ரேடியோவிலை நியூஸ் வாசிக்கிற ஆக்கள் எல்லாம் பிச்சை வாங்க வேணும்.”

“சும்மா இருங்கோ அண்ணை. எழுதித் தந்ததை வாசிச்சனான், அவ்வளவுதான்,” என்றாள் இம்மாகுலேற். முகத்தில் பெருமை தெரியாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் பெருமைப்பட்டாள். படாமல் என்ன செய்வது? பிறந்த ஊரின் தலைக்கு மேலே தன் குரல் போவது எல்லாருக்கும் கிடைக்கிற காரியமா?

கடையில் ஒருவர் மட்டும் கூடையில் எடுத்து வைத்த முருங்கைக்காயைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வெளியே போனார். வன்னியில் கடைசிச் சண்டைவரை நின்றுவிட்டு வந்தவர் அவர். பெயர் அவளுக்குத் தெரியாது. விலை பிடிக்கவில்லையாக்கும் என்று மகாலிங்கம் சிரித்தார்.

விஷயம் இதுதான். கார்த்திகை மாதத்துப் புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டிருந்தது. பல நாடுகளின் போர்க்கப்பல்கள் சேர்ந்து உதவிக்குப் போய்த் தீவைச் சுற்றி நின்றன. பிரான்சின் கப்பல் வடகிழக்குக் கரைக்கு வந்திருந்தது. இவை சண்டைக்குப் போன கப்பல்கள் அல்ல, அரிசியும் மருந்தும் இறக்கப் போனவை என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்படித் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே கேட்பவர்களுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. கரையில் இருப்பது தமிழ்ச் சனம். கப்பலில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அதனால் பிலிப்பைக் கூப்பிட்டார்கள். பிலிப் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு இராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று பாரிஸ் புறநகரான எபினேயில் இருப்பவர். தன்னுடைய தமிழ் அந்த ஊருக்குச் சரிவராது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, விடியற்காலையிலேயே பொபினியில் இருக்கும் இம்மாகுலேற்றின் வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் பிரெஞ்சுப் பிரதியை வைத்தவர் அவர்தான். இவளை விட்டால் வேறு ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். புகலிடம் கேட்டு வந்தவர்களின் விசாரணைகளில் இருபது வருடத்துக்கு மேலாக இவள் மொழிபெயர்ப்பாளர்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. மொழிபெயர்ப்பவர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் இருக்கும் தாய் “என்ரை பிள்ளையை நான் என்ரை கையாலை ஆமியிட்டைக் குடுத்தனான்” என்றால், இம்மாகுலேற்றும் பிரெஞ்சில் “நான் என் பிள்ளையை என் கையாலேயே இராணுவத்திடம் கொடுத்தேன்” என்பாள். தாய் அழுவாள். இவள் அழமாட்டாள். சொல் கூடாது, குறையாது, குரல் நடுங்காது. அறைக் கதவைச் சாத்தியதும் அந்த ‘நான்’களை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு மெத்ரோ ரயிலில் ஏறிவிடுவாள். அப்படி விடத் தெரியாதவர்கள் அந்த வேலையில் ஒரு வருடம்கூட நிற்க மாட்டார்கள்.

பிலிப் கொண்டுவந்த பிரதியில் ‘ஸோன் து செக்யூரித்தே’ என்று இருந்தது. அவள் பேனா நிற்காமல் ‘பாதுகாப்பு வலயம்’ என்று எழுதியது. வாசித்துப் பதிந்தாள். “எவ்ளோ அழகா இருக்கும்மா உங்க தமிழ்,” என்று சொல்லிவிட்டு பிலிப் அதைக் கப்பலுக்கு அனுப்பினார்.

இப்போது கடையில் நின்றபடி அவள் ஊருக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். பூவரசந்துறையில் அவளுக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா, பிலோமினா. அக்காவின் புருஷன் கடலோடு போய்விட்டார். மூத்த மகன் பிரசாந்தன் சண்டை முடிந்த வருடத்தோடு இல்லை. மிச்சம் இருப்பது கடைசி மகன் சேந்தன், இருபது வயது. அக்காவின் உயிர் அவனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் இரண்டு பேரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். புயலுக்குப் பிறகு போன் கிடைப்பதே அதிர்ஷ்டம். அன்று கிடைத்தது.

“அக்கா, நான் இம்மா. போய்ச் சேர்ந்தாச்சோ?”

“எங்கை?”

“பள்ளிக்கூடத்துக்கு. ஹெலி வந்து சொன்னதெல்லோ?”

“சொன்னதுதான்.” அக்காவின் குரலுக்குப் பின்னால் பல பேர் சேர்ந்து செபமாலை சொல்வது கேட்டது. “இஞ்சை ஒருத்தரும் போகேல்லை. எல்லாரும் கோயிலுக்குள்ளை நிக்கிறம்.”

இம்மாகுலேற் கடைக்கு வெளியே வந்தாள். அந்தோனியார் கோயில் கடல்நீர் ஏறும் களப்பின் ஓரத்தில் இருக்கிறது, ஊரிலேயே பள்ளமான இடம். மாரி வந்தால் படிவரைக்கும் தண்ணீர் நிற்கும். சின்ன வயதில் அந்தப் படியில் இருந்து அவள் மீன் பிடித்திருக்கிறாள்.

“உங்களுக்கு என்ன விசரே அக்கா? குளம் உடைச்சால் முதல் தண்ணி அங்கைதான் வரும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டே?”

“பாதுகாப்பு வலயத்துக்கு வரட்டாம்,” என்றாள் அக்கா. கோபம்கூட இல்லாத குரல். “ஒருக்காப் போனனாங்கள் தானே.”

மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ தடதடத்துப் போயிற்று. அது போய் முடியும்வரை இம்மாகுலேற் அப்படியே நின்றாள்.

அந்தச் சொல்லை அவள் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள், போனோம். ரேடியோவில் கூப்பிட்டார்கள், போனோம். போன இடத்தில்தான் ஷெல் விழுந்தது. எல்லாம் விசாரணை அறையில் அவளே ‘நான்’ என்று சொன்ன கதைகள். தமிழில் ‘பாதுகாப்பு வலயம்’ என்று வந்தால் பிரெஞ்சில் ‘ஸோன் து செக்யூரித்தே’ என்று வாய் தானாகச் சொல்லும். இன்று காலை அது எதிர்ப்பக்கமாக வந்தது, வாயும் தானாகவே திரும்பிச் சொல்லிவிட்டது. அந்த மேசையில் அவள் தான் சொன்னதைத் தன் காதால் கேட்கவே இல்லை.

பிரசாந்தனும் அப்படி அழைத்த இடத்துக்குத்தான் போனான். ஷெல்லுக்குத் தப்பினான். வெளியே வரும் வாசலில் ஆமிக்காரர் பொடியன்களைத் தனியாக நிற்கச் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அக்கா அவன் கையை விட்டாள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. இதை அக்கா ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. ஊரார் சொல்லித்தான் தெரியும்.

“அக்கா,” என்றாள். “அது நான்தான். ஹெலியிலை கதைச்சது நான்.”

“எனக்குத் தெரியாதே உன்ரை குரல்? முதல் சொல்லிலேயே பிடிச்சிட்டன்.” அக்கா திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். “இம்மா, உன்னை எங்கை வைச்சிருக்கிறாங்கள்?”

“என்ன?”

“பக்கத்திலை ஆரும் நிக்கிறாங்களோ? நீ ஒண்டும் கதையாதை. ஓம் இல்லை எண்டு மட்டும் சொல்லு.”

“என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை அக்கா. நான் லாசப்பலிலை, கடை வாசல்லை நிக்கிறன்.”

“அப்பிடித்தான் சொல்லச் சொல்லுவாங்கள்,” என்றாள் அக்கா. தொடர்பு அறுந்தது.

அவள் மறுபடியும் எடுத்தாள். கிடைக்கவில்லை. கடைக்குள் ஓடினாள். அவளுடைய கணவர் சவிரிமுத்துவுக்கு அங்கேதான் வேலை. அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அவள் முகத்தைக் கண்டதும் மூட்டையைப் பாதியில் விட்டார்.

“இஞ்சருங்கோ, சனம் பள்ளிக்கூடத்துக்குப் போகேல்லை. நான் ‘பாதுகாப்பு வலயம்’ எண்டு சொல்லிப்போட்டன்.”

சவிரிமுத்து ஒரு நிமிடம் விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. “அந்தோனியாரே,” என்றார். “நானும்தான் அந்த வீடியோவை நாலுதரம் கேட்டன். எனக்கும் ஒண்டும் தோன்றேல்லையே. நாங்கள் ரெண்டு பேரும் கடைசிச் சண்டைக்கு முந்தி வந்த ஆக்கள் இம்மா. எங்களுக்கு அது ஒரு சொல்லு, அவ்வளவுதான்.”

முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போனவரின் முகம் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

பிலிப்புக்கு எடுத்தாள். அவர் முதல் மணியிலேயே பேசினார்.

“பிலிப் அண்ணை, அந்த அறிவித்தலை உடனை நிப்பாட்டுங்கோ. வேறை ஒண்டு பதிய வேணும்.”

“ஏம்மா, என்னாச்சி? எல்லாரும் நல்லாருக்குன்னாங்களே.”

“ஒரு சொல்லு பிழை.”

“தெக்ஸ்த் வாலிடே ஆயிடிச்சிம்மா. எத்தினி நாட்டு ஆபீசருங்க பாத்து ஓகே பண்ணது. ஒரு வார்த்தைய மாத்தணும்னாலும் திரும்ப மேல போவணும். என்ன வார்த்தை அப்படி?”

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். அந்தப் பெயரில் கூப்பிட்ட இடத்துக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள், இப்போது கோயிலுக்குள் நிற்பவர்கள் யார் யார், கோயில் எவ்வளவு பள்ளம் என்று.

“ஓ ல லா,” என்றார் பிலிப், மிக மெதுவாக. “அப்ப ‘பாதுகாப்பான எடம்’னு மாத்திடலாமா?”

“பாதுகாப்பு எண்ட சொல்லே வேண்டாம். பள்ளிக்கூடம் எண்டு மட்டும் சொல்லுவம். பிலிப் அண்ணை, எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. அந்தப் பள்ளிக்கூடத்திலை ஆர் நிக்கினம்?”

“உள்ள நம்ம ஆளுங்க. வாசல்ல அந்த ஊரு ஆர்மி. கூட்டு ஆபரேஷன் இல்லியா. அவங்க நாடும்மா அது, அவங்க இல்லாம நம்ம எறங்கவே முடியாது.”

“அதையும் சொல்ல வேணும்.”

“அத சொன்னா எவனாவது வருவானா?”

“சொல்லாமல் வரப்பண்ணினால் வாசல்லை கண்ட உடனை திரும்பி ஓடுவினம். தண்ணிக்குள்ளை ஓடுவினம்.”

பிலிப் பெருமூச்சு விட்டார். சீருடை போட்டுப் பழகிய மனிதர் அவர், மேலிடத்தைக் கேட்காமல் ஒரு கடிதத்தை மடித்துக்கூடப் பழக்கமில்லாதவர். “சரி, பேசி அனுப்புங்க. மேல என்ன கேட்டாலும் நான் பாத்துக்கறேன். ஆனா சீக்கிரம். அங்க வெளிச்சம் போயிடுச்சின்னா ஹெலி எழும்பாது.”

லாசப்பலில் சத்தமில்லாத இடம் என்றால் கடைகளுக்குக் கீழே இருக்கும் நிலவறைதான். காவ் என்பார்கள். சவிரிமுத்து விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார். செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கும் கருவாட்டுப் பெட்டிகளுக்கும் நடுவில் இம்மாகுலேற் போனை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. இருபது வருடமாக அவள் வாய் மற்றவர்களின் ‘நான்’களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தன்னுடையதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதல்முறை வெறும் மூச்சை மட்டும் பதிந்து அழித்தாள்.

பிறகு பேசினாள்.

“பூவரசந்துறைச் சனங்கள், நான் இம்மா. சம்மாட்டி எஸ்தாக்கியின்ரை கடைசி மகள், கோயிலடி இம்மா. நான் பாரிசிலை நிண்டு கதைக்கிறன். என்னை ஒருத்தரும் பிடிச்சு வைச்சிருக்கேல்லை. முந்திச் சொன்ன சொல்லு என்ரை பிழை, அதை விடுங்கோ. குளக்கட்டு உடைக்கப்போகுது. கோயில் பள்ளம், உங்களுக்குத் தெரியும். மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்கோ. வாசல்லை ஆமி நிக்குது. உள்ளுக்குப் பிரெஞ்சுக்காரர் நிக்கினம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவும்தான், நான் ஒண்டையும் மறைக்கேல்லை. பிலோ அக்கா, நீ வெளிக்கிடு. நீ வெளிக்கிட்டால் மற்றவையும் வருவினம்.”

காவுக்குள் சிக்னல் இல்லை. மரப்படிகளில் விழுந்தெழும்பி மேலே வந்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. செய்தி கடைக்குள் பரவிவிட்டது. சாமான் வாங்கியவர்களும் போகாமல் நின்றார்கள். காலையில் அவளைப் புகழ்ந்த வாய்கள் இப்போது அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. மகாலிங்கம் சாமிப்படத்து விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். வெளியே மழை தூறத் தொடங்கியது. அது சாதாரணப் பாரிஸ் தூறல்தான், ஆனால் அன்று அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. குளம் உடைந்திருந்தால்? குரலைக் கேட்டும் அக்கா நம்பாமல் இருந்தால்? தன் வாயாலேயே தன் ஊரைத் தண்ணீருக்குள் நிறுத்திவிட்டேன் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

பிலிப்பிடமிருந்து “ஹெலி கெளம்பிடிச்சி” என்று ஒரு செய்தி வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

கடைசியில் யாரோ ஒருவரின் போனில் வீடியோ வந்தது. அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு நீண்ட வரிசை, தலைக்கு மேலே பிள்ளைகளும் பைகளும். மேலே ஹெலியில் “கோயிலடி இம்மா” என்ற குரல் காற்றில் பிய்ந்து பிய்ந்து கேட்டது. வரிசையின் முன்னால் ஒரு பெண், சேலையைச் செருகிக்கொண்டு, பக்கத்தில் வரும் பொடியனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி நடந்தாள். வலது காலை இழுத்து வைக்கும் அந்த நடையை இம்மாகுலேற் எங்கே கண்டாலும் அடையாளம் காண்பாள்.

“அக்கா,” என்றாள். சவிரிமுத்து அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். கடைக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மகாலிங்கம் எல்லாருக்கும் பால் விடாத பிளேன்ரீ போடச் சொன்னார்.

ரீ வருவதற்குள் அக்காவின் போன் வந்தது.

“வந்திட்டம்,” என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. “நாங்கள் வெளிக்கிடேக்கையே தண்ணி பீடம்வரை வந்திட்டுது. நீ சொன்னது சரி.”

“சேந்தன் எங்கை?”

“என்ரை கைக்குள்ளை.” பின்னால் பல குரல்கள், பிள்ளைகளின் அழுகை, ஏதோ எஞ்சின் இரைச்சல். “இம்மா, பொடியளைத் தனியா நிக்கச் சொல்லுறாங்கள்.”

இம்மாகுலேற் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சொல் உடனே உள்ளே இறங்கவில்லை. “ஆர் சொல்லுறது? ஆமியோ?”

“இல்லை, வெள்ளைக்காரன். கையாலை காட்டுறான். பொம்பிளையள் உள்ளுக்கை, பொடியள் மற்றப் பக்கம். அங்காலை ஒரு லொறி நிக்குது.” அக்காவின் குரல் சீராகத்தான் இருந்தது. “நான் வாசலைத் தாண்டேல்லை. மற்றவையும் எனக்குப் பின்னாலை நிக்கினம்.”

“போனை அவரிட்டைக் குடு.”

பிரெஞ்சில் பேசும் ஒரு குரலைக் கேட்டதும் அந்தச் சிப்பாய்க்கு ஏற்பட்ட ஆறுதல் போனிலேயே தெரிந்தது. இளம் குரல். களைத்துப் போயிருந்தது, ஆனால் மரியாதையாகப் பேசினான். அணைக்கட்டில் ஒரு இடம் கசியத் தொடங்கிவிட்டது என்றான். மண்மூட்டை அடுக்க ஆள் வேண்டும். அடுக்காவிட்டால் தண்ணீர் பள்ளிக்கூடத்துச் சுவருக்கும் வந்துவிடும். கைகால் பலமுள்ளவர்களைத்தான் கேட்கிறோம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம். இந்த அம்மா அசைய மாட்டேன் என்கிறார், மற்ற எல்லாரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிறார்கள், தண்ணீர் ஏறுகிறது, தயவுசெய்து சொல்லுங்கள் மேடம்.

“லொறியில் நீங்களும் போவீர்களா?” என்று கேட்டாள்.

இல்லை, என்றான். அவனுக்குப் பள்ளிக்கூடத்தோடு நிற்கத்தான் உத்தரவு. லொறி உள்ளூர் இராணுவத்தினுடையது. ஆனால் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு, அது நிச்சயம்.

“யாருக்கு நிச்சயம்?” என்றாள்.

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. மறுபடியும் சொன்னான், இன்னும் தெளிவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. வேலை முடிந்ததும் நான் அவர் மகனைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன் என்று சொல்லுங்கள். நல்ல பையனாகத்தான் இருந்தான். தான் சொன்ன வசனம் அந்த மாதிரி வாசல்களில் எத்தனை வருடப் பழையது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

போன் அக்காவின் கைக்குத் திரும்பியது. இம்மாகுலேற்றின் வாய் தனக்குப் பழகியதைச் செய்தது.

“அணைக்கட்டு கசியுது. மண்மூட்டை அடுக்க ஆக்கள் வேணும். வேலை முடிய உங்கடை மகனை நான் திருப்பிக் கொண்டுவந்து விடுவன்.”

“இது ஆர் சொல்லுறது, இம்மா?” என்றாள் அக்கா. “அவனோ, நீயோ?”

விசாரணை அறையில் ஒருவரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விதியைச் சொல்லியிருப்பாள். இப்போது அவள் சவிரிமுத்துவைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் நிலத்தைப் பார்த்தார்.

அவன் சொல்கிறான் என்றால் அக்கா திரும்பி நடப்பாள். சேந்தனின் கையைப் பிடித்தபடி, ஊர் முழுக்கப் பின்னால் வர, தண்ணீர் நிற்கும் இருட்டுக்குள் இறங்குவாள். அதில் இம்மாகுலேற்றுக்குச் சந்தேகமே இல்லை. நான் சொல்கிறேன் என்றால் அக்கா நம்புவாள். பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து கடல்கள் தாண்டி, கருவாட்டு வாசம் அடிக்கும் ஒரு கடையில் நிற்கிறவள் எதைத் திருப்பிக் கொண்டுவந்து விடப் போகிறாள்?

“இம்மா?”

“நான்தான் அக்கா,” என்றாள். “நான் சொல்லுறன்.”

“சரி.”

அக்கா போனை முகத்திலிருந்து விலக்கியது தெரிந்தது. அதற்குப் பிறகு பேசியது இவளோடு அல்ல, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“போட்டு வா ராசா. சித்தி சொல்லுறா.”

கால்கள் சேற்றில் நடக்கும் சத்தம். யாரோ சிங்களத்தில் சத்தமாக ஏதோ சொன்னார்கள். லொறியின் பின்கதவு சாத்தப்பட்டது. எஞ்சின் உறுமியது, தூரமாகப் போயிற்று. பிறகு தொடர்பு அறுந்தது.

இம்மாகுலேற் பிலிப்புக்கு எடுத்தாள். சனம் ஏறிவிட்டது என்று அவருக்கு ஏற்கெனவே தகவல் போயிருந்தது. “எல்லாம் உங்களாலதாம்மா,” என்றார் அவர். அந்த லொறி எங்கே போகிறது, யார் ஓட்டுவது, எப்போது திரும்பும் என்று அவள் கேட்டாள்.

“அணைக்கட்டுக்குத்தான் போயிருக்கும்.”

“போயிருக்கும் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை. போயிருக்கோ?”

“அது அவங்க வண்டி,” என்றார் பிலிப். “கேட்டு சொல்றேம்மா.”

பிளேன்ரீ ஆறிப்போய் இருந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. சனம் தப்பியது என்ற செய்தியோடு ஒவ்வொருவராகக் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் நடந்தார்கள். சவிரிமுத்து அரிசி மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு அவளை இருத்தினார். வெளியே இன்னும் பகல்தான். அங்கே இருட்டிவிட்டிருக்கும்.

காலையில் முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போனவர் மறுபடியும் உள்ளே வந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது. நேராக அவளிடம் வந்து நின்றார்.

“ரெண்டாவதா நீங்கள் கதைச்சதைக் கேட்டனான்,” என்றார். “சனம் ஏறியிட்டுதோ தங்கச்சி?”

“ஓம் அண்ணை. எல்லாரும் ஏறியிட்டினம்.”

“பொடியளும் உள்ளுக்கையோ?”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ‘மண்மூட்டை அடுக்கப் போயிருக்கினம், வேலை முடியக் கொண்டுவந்து விடுவினம்’ என்றுதான் சொல்ல நினைத்தாள்.

“நான் திருப்பிக் கொண்டுவந்து விடுவன்,” என்றாள்.

அவர் இன்னொரு மூட்டையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். போன் அவளுடைய மடியில் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.